துரை வண்டிக்கு எந்த வீல்

எந்த வீல்னு நீயே ஒரு முடிவு பண்ணி வை சாந்தா, எதுக்கும் இருக்கட்டும்னு டியூப் வாங்கிட்டு இதோ வந்தர்றேன் என்று சொல்லிவிட்டு தேவராஜ் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மெக்கானிக் ஜக்கரியாவும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கிளம்பிவிட்டான், சித்தெ கடையைப் பாத்துக்குங்கக்கா என்று. கடையாம் கடை. தகரக் கூரை, சுவரெல்லாம் கிரீஸ் கை, நடுவில் நான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் வீலே இல்லாமல் ஏறி நிற்கிற துரை வண்டி, அதற்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் சாந்தாமணி. பெண் பார்க்க வந்த இடத்தில் உட்கார வைத்த மாதிரி அவளை உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் இரண்டு வீல்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒன்று கம்பி வீல். வண்டியோடு சீமையிலிருந்து வந்தது, கம்பியெல்லாம் புதிதாகக் கோத்து, முலாம் பூசி, நடுவில் இரண்டு காது வைத்த பெரிய நட்டு ஒன்றையும் சும்மா பார்வைக்கு மாட்டி வைத்திருந்தான் ஜக்கரியா. இன்னொன்று அலாய் வீல். இப்போது ஓடுகிற எல்லாக் காரிலும் இருக்கிறதே, அது. மொழுமொழுவென்று, ஐந்து போல்ட்டு ஓட்டையோடு, யாருக்கும் கெடுதல் நினைக்காத முகத்தோடு இருந்தது. இவளைக் கேட்டால் இவளுக்கு என்ன தெரியும்? கத்தரிக்காய் பொறுக்கியிருக்கிறாள், பட்டுப்புடவை பொறுக்கியிருக்கிறாள், மகளுக்கு மாப்பிள்ளைகூடப் பொறுக்கியிருக்கிறாள், அதுவும் சுமாராகத்தான் அமைந்தது. வீல் பொறுக்கச் சொன்னால்? ஆனால் ஏன் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. முந்தாநாள் தோசையைப் பிட்டுக்கொண்டே தட்டைப் பார்த்தபடி சொன்னார், பொங்கல் கழிச்சு எங்க பழைய கார் ஆளுக எல்லாம் வரிசையாக் கோத்தகிரி போறாங்க, வீட்டுக்காரங்களோட, நீ ஏறணும், நீ எந்த வீல் சொல்றியோ அதைத்தான் போடுவேன் என்று. அந்த மனுஷன் அவளிடம் எதையும் வேண்டும் என்று கேட்டதே கிடையாது. கேட்ட ஒன்றும் இப்படி. வீட்டில் மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிய மோட்டாரை நிறுத்தினோமா என்று திடீரென்று வந்தது. நிறுத்தின மாதிரிதான் இருந்தது.

துரை வண்டி என்று அதற்குப் பேர் வைத்தது அவள் மாமனார். மலையில் எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரனிடமிருந்து வாங்கியதாம். இரண்டே கதவு, துணிக்கூரை, முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் ஒரு பையும் ஒரு குடையும் உட்காரலாம். இப்போது வெண்ணெய் நிறம் அடித்து, சிவப்புத் தோல் தைத்து, கண்ணாடியெல்லாம் மாற்றிப் புது மாப்பிள்ளையாக நிற்கிறது. வீல் மட்டும்தான் பாக்கி. அந்த வண்டியில் அவள் ஏறி முப்பது வருஷத்துக்கு மேலே ஆகிவிட்டது. பஸ்ஸில் போயிருக்கிறாள், ரயிலில் போயிருக்கிறாள், வீடு மாறினபோது லாரியில் அண்டாவைக் கட்டிக்கொண்டுகூடப் போயிருக்கிறாள், அதில் மட்டும் ஏறவில்லை. எல்லாரும் அவளுக்கு வீல் பயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளும் ஆமாம் பயம்தான் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டாள். மகள் மேகலா போனில் சொல்கிறாள், அம்மா பேசாம அலாய் போடச் சொல்லு, டியூப் இல்லாத டயரு, ஆணி ஏறினாலும் மெல்லத்தான் காத்து இறங்கும், அஞ்சு போல்ட்டு போட்டு இறுக்கினா இடப்பக்கம் வலப்பக்கம்னு அப்பா குழப்பிக்கவும் வழியில்ல என்று. பெண்ணுக்கு எல்லாம் தெரியும். அன்றைக்கு அவள் எட்டு மாசக் கைக்குழந்தை, இவள் மடியில் இருந்தாள், அதனால் எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவாள். சிக்கலே அங்கேதான். கம்பி வீல் என்று சொல்லிவிட்டால் பிறகு ஐயோ எனக்கு அதைப் பார்த்தாலே பயமுங்க என்று ஏறாமல் இருந்துவிடலாம். அலாய் என்று சொன்னால்? அப்புறம் ஏறாமல் இருக்க என்ன காரணம் சொல்வது? காரணத்தைச் சொல்ல வேண்டி வருமே. உள்ளபடிக்கு அவளுக்கு வீல் மேல் பயமே கிடையாது. பாவம், அது என்ன செய்யும். பட்டறைக்குப் பக்கத்தில் யாரோ இரும்பை அறுக்கிற சத்தம் நின்று மறுபடி எழுந்தது, தின்னர் வாடை மூக்கில் ஏறித் தலைக்குள் உட்கார்ந்தது, அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கம்பிகளை எண்ண ஆரம்பித்தாள். எங்கே தொடங்கினோம் என்று பாதியில் மறந்துபோனது. திரும்ப ஆரம்பித்தாள், திரும்பவும் மறந்தது, விட்டுவிட்டாள்.

அன்றைக்குக் கோத்தகிரியில் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். பனி விலகி வெயில் வந்த நேரம். குழந்தைக்கு மஞ்சள் குல்லாய் போட்டிருந்தாள், அது காதை இழுத்து இழுத்து அவிழ்த்துக்கொண்டே இருந்தது, தைல மர வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து லேசாகக் குமட்டியது, அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். அப்போது அவள் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே ஒரு வீல் போனது. தனியாக, அவசரமே இல்லாமல், இவர்களை முந்திக்கொண்டு போனது. யாருடையதோ வீல் போகுது பாருங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள், சொல்லிக்கூட முடிக்கவில்லை, வண்டி இடதுபுறம் முழங்கால் மடங்கின மாதிரி உட்கார்ந்து, இரும்பு தாரில் உரசுகிற சத்தம், ஐயோ அந்தச் சத்தம், மண் திட்டில் போய் இடித்து நின்றது. தவறு அவருடையதுதான், அவரே எல்லாரிடமும் சொல்வார். அந்தக் கம்பி வீலை நடுவில் ஒரே நட்டுத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். இடப்பக்கத்துக்கு ஒரு பக்கம் திருகுகிற மரை, வலப்பக்கத்துக்கு எதிர் மரை, ஓட ஓட நட்டு இறுகிக்கொண்டே போகிற மாதிரி வெள்ளைக்காரன் யோசித்து வைத்திருக்கிறான். முந்தின ஞாயிற்றுக்கிழமை மில் இஞ்சினியர் தேவராஜ் அவர்கள் தானே கிரீஸ் வைக்கிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் கழற்றி, நட்டு உட்காருகிற ஹப்பை இடதுக்கு வலது, வலதுக்கு இடது என்று மாற்றி மாட்டிவிட்டார். ஓட ஓட இறுக வேண்டியது ஓட ஓடக் கழன்றது. அது போகட்டும். தவறு யார்தான் செய்யவில்லை? அவள் ஒருமுறை வீட்டுக்கு வந்த ஒறம்பரைக்கு வைத்த பாயசத்தில் உப்பை அள்ளிப் போட்டிருக்கிறாள். அதையெல்லாம் அவள் மனசில் வைக்கவே இல்லை. மனசில் வைத்தது அதற்கு அடுத்தது. வண்டி நின்றது, அவர் கதவைத் திறந்தார், இறங்கினார், ஓடினார். வீல் போன திசையில் ஓடினார். இவளைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்க்கவில்லை. இவள் குனிந்து குழந்தையின் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள், முன்னால் இருந்த பலகையில் இடித்து உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது, இவள் பக்கத்துக் கதவு திட்டில் மாட்டித் திறக்கவில்லை, நிமிர்ந்தபோது அவருடைய முதுகு மட்டும் ஒரு கணம் தெரிந்தது, வெள்ளைச் சட்டை முதுகு, பிறகு அதுவும் இல்லை. தூரத்தில் அவர் கத்துகிற சத்தம் கேட்டது, என்னவென்று புரியவில்லை. பிறகு அதுவும் இல்லை. குழந்தை அப்புறம்தான் அழ ஆரம்பித்தது. எவ்வளவு நேரமோ. வளைவில் திரும்பி அவர் வீலை உருட்டிக்கொண்டு வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. தலை நனைந்து, சட்டை நனைந்து, திருவிழாவில் தொலைத்த பிள்ளையைக் கண்டுபிடித்த மாதிரி ஒரு சிரிப்பு. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே என்று கேட்டார். ஒண்ணும் ஆகலீங்க என்றாள். அவ்வளவுதான் பேசினது.

அதோடு விட்டாரா? அதைக் கதையாக்கிவிட்டார். கல்யாண வீடு, காதுகுத்து, அந்தப் பழைய கார் ஆட்கள் கூடுகிற இடம், எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் சொல்வார், எங்க வீலே எங்கள முந்திட்டுப் போச்சுங்க, ஹாரன்கூட அடிக்கலீங்க என்று, அப்புறம் ஹப்பை மாற்றி மாட்டின கதை, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தேயிலைக் காட்டில் வீலைத் துரத்தினேன் என்று சொல்வார், பிடித்துக்கொண்டு வந்தேன் என்று சொல்வார். கதையில் மனைவி வரமாட்டாள், குழந்தை வராது. அவள் சாம்பார் வாளியோடு ஓரமாக நின்று சிரித்த மாதிரி உதட்டை வைத்துக்கொள்வாள். அந்த உதட்டில் உள்பக்கம் தழும்பு இன்னும் நாக்குக்குத் தட்டுப்படும். இப்போதும் தட்டிப் பார்த்தாள். என்ன கெரகமோ, இதை நினைக்கவே கூடாது என்று எத்தனை தடவை முடிவு பண்ணியிருக்கிறாள். நல்ல மனுஷன்தான். அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் செய்தித்தாளை விரித்துப் படுத்துக் கிடந்தார், வீட்டுக்குப் போங்கன்னா போகவில்லை. கை தூக்க முடியாமல் இருந்தபோது தலை வாரிப் பின்னிவிட்டார், மண்வெட்டி பிடிக்கிற மாதிரிதான் சீப்பைப் பிடித்தார், ஆனாலும் பின்னினார். அந்த வராந்தா இந்த ஓட்டத்தை ஏன் அழிக்கவில்லை? அதுதான் அவளுக்கே புரியவில்லை. யோசித்துச் செய்கிறதெல்லாம் வேறு, யோசிக்காமல் கால் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் உள்ளே இருக்கிற ஆள் என்று ஒரு எண்ணம் அன்றைக்கே வந்து உட்கார்ந்துவிட்டது, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. கேட்டுவிடலாம் என்று பல நாள் வாய் வரைக்கும் வந்திருக்கிறது. கேட்டால் ஒரு பதில் வந்துவிடுமே. ஆமா, அந்த வீல் கிடைக்காது சாந்தா, இந்தியாவுலயே கிடைக்காது, அதான் ஓடுனேன் என்று சொல்லிவிட்டால்? வெகுளியாகச் சொல்லிவிடக் கூடிய ஆள்தான். கேட்காதவரைக்கும் இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம். கேட்டுவிட்டால் ஒன்றுதான் இருக்கும், அதோடுதான் மிச்ச நாளும் குடித்தனம் பண்ண வேண்டும். போன வருஷம் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அவளையே பார்த்துக்கொண்டு போனார், அவளுக்கு அந்த நேரத்திலும் இப்பப் பார்க்கிறீங்களே என்று ஒரு நினைப்பு வந்தது, வந்ததற்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தன்னையே திட்டிக்கொண்டாள். மோட்டாரை நிறுத்தினோம், நிறுத்தினோம், சுவிட்சைத் தட்டும்போது ஈரக் கையைத் துடைத்தது ஞாபகம் இருக்கிறது. அது நேற்றோ? கம்பி வீலின் மேல் கதவு வழியே வந்த வெயில் விழுந்து, கம்பியெல்லாம் மின்னி, அழகாகத்தான் இருந்தது. அழகுக்கு என்ன குறைச்சல். அலாய் வீலைப் பார்த்தாள். எவர்சில்வர் கடையில் வைத்திருக்கிற ஏதோ ஒன்று. பொல்லாப்பில்லை, அதையே சொல்லிவிடுவோம், ஏறி உட்கார்ந்து கோத்தகிரி போய் வந்துவிடுவோம், அந்த வளைவு வரும்போது கண்ணை மூடிக்கொள்வோம் என்று முடிவு பண்ணினாள். முடிவு பண்ணின உடனே அழுகை வந்தது. வேண்டாம், கம்பி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடலாம். அதற்கும் அழுகை வந்தது.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தேவராஜ் ஒரு கையில் டியூப் டப்பா, இன்னொரு கையில் பார்சல் டீயோடு உள்ளே வந்தார். டீயைக் காகிதக் கோப்பையில் ஊற்றி முதலில் அவளுக்குக் கொடுத்தார், பிறகு வீல்களுக்கு முன்னால் குந்த வைத்து உட்கார்ந்து, அலாய்னா விலை குறைச்சல் ஆனா பார்க்கிறவன் சிரிப்பான், கம்பின்னா துடைச்சுத் துடைச்சு விரல் தேஞ்சு போகும் என்று இரண்டு பக்கமும் நியாயம் பேசினார், நீ எதுக்கும் யோசிக்காதே, உனக்கு எதுல பயமில்லையோ அது என்றார். குந்த வைத்த அந்த முதுகு அவளுக்கு முன்னால் இருந்தது. இப்போதும் வெள்ளைச் சட்டைதான், முதுகு மட்டும் கூன் விழுந்து சின்னதாகப் போயிருந்தது. அந்த முதுகைப் பார்த்ததும் அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“எனக்கு வீல் பயமெல்லாம் இல்லீங்க. அன்னிக்கு நீங்க எங்களத் திரும்பிக்கூடப் பாக்கலை. வீல் பின்னாடிதான் ஓடுனீங்க.”

அவர் திரும்பினார். கோபம் இல்லை, ஒன்றும் விளங்காத முகமாக இருந்தது. ஆமா, ஓடுனேன் என்றார். இதோ வந்துவிட்டது பதில் என்று நினைத்தாள்.

“கீழ ரோட்டுல பொம்பளைங்க உக்காந்திருந்தாங்கல்ல, தேயிலை பறிக்கிறவங்க, பஸ்ஸுக்கு. நீ பாக்கலியா?”

எங்கீங்க பாக்கறது, எம்பக்கம் வெறும் மண்ணுதானுங்க என்றாள். அவர் பக்கம்தான் பள்ளம். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கீழே வளைந்து போகிற ரோடு முழுக்கத் தெரியுமாம். இத்தனை வருஷமாக இவளும் பார்த்தாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம்.

“வண்டி நின்னுருச்சு சாந்தா. நீங்க ரெண்டு பேரும் உள்ள இருந்தீங்க. வீலு நிக்கலையே.”

பிறகு அவர் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். வளைவில் வீல் திரும்பாமல் நேராகப் பள்ளத்தில் பாய்ந்தது, தேயிலைச் செடி மேல் விழுந்து விழுந்து ஒவ்வொரு தடவையும் உயர எழும்பியது, இவர் குறுக்கே இறங்கி எந்திரிங்க, ஓடுங்க என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினார். அவர்கள் முதலில் இவரைத்தான் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். அப்புறம் மேலே பார்த்தார்கள், சிதறி ஓடினார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே வீல் வந்து விழுந்து ஒரு சோத்துத் தூக்குப் போசியை அப்பளமாக்கிவிட்டு ஓடையில் போய்ப் படுத்தது. அதில் ஒருத்தி மடியில் குழந்தை வைத்திருந்தாள், மேகலா வயசுதான் இருக்கும் என்றார். பிறகு அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாராம், அந்தப் பெண்தான் தலையில் தண்ணீர் ஊற்றினாளாம், நேரமானது அதனாலாம். திரும்பி வரும்போது யாரும் சாகலை, யாரும் சாகலை என்று அதையே சொல்லிக்கொண்டு மேலே வந்தாராம். அப்படியானால் அந்தச் சிரிப்பு? அவள் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். நெஞ்சிலிருந்து யாரோ மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது, மூச்சு எங்கே போகும் என்று தெரியாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

“அதை ஏனுங்க எங்கிட்டச் சொல்லலை?”

“ஹப்பை மாத்தி மாட்டுனவன் நான். நீ மடியில ஒண்ணை வெச்சுட்டு உக்காந்திருந்தே. உங்கிட்டப் போய் என்னன்னு சொல்றது? பொறகு நாலு பேர்கிட்டச் சிரிப்பாச் சொல்லிப் பழகிருச்சு. அந்த எடத்தைச் சொன்னா சிரிப்பு வராது.”

அட மடையா, என்று புருஷனைச் சொல்லக் கூடாததால் மனசுக்குள் சொன்னாள், அட மடச்சி என்று தன்னையும் சேர்த்தே சொன்னாள். ஒரு வார்த்தை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நடுவில் எத்தனை கல்யாண வீடு, எத்தனை சாம்பார் வாளி. ஆத்திரமாக வர வேண்டியது, வந்தது என்னவோ சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது, அவர் பயந்துபோய் ஏஞ்சாந்தா, ஏன், தண்ணி வேணுமா என்று எழுந்தார். ஒன்றும் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அந்தக் குழந்தை இப்போது எங்கே இருக்கும், பெண்ணா பையனா, கல்யாணம் ஆகியிருக்கும், இந்நேரம் எங்காவது பஸ்ஸில் உட்கார்ந்து போய்க்கொண்டிருக்கும். நன்றாக இருக்கட்டும். இந்த மனுஷனுடைய கால் சரியான பக்கம்தான் ஓடியிருக்கிறது. எத்தனை பேரை நினைத்து ஓடியிருக்கிறது. அந்தக் கணம் தன்னையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாமே என்று ஒரு சின்ன முனகல் எங்கேயோ ஓரத்தில் கிடந்தது, கிடந்துவிட்டுப் போகட்டும், திரும்பிப் பார்த்திருந்தால் அந்தப் பொம்பளைக்கு எழுந்திருக்க நேரம் இருந்திருக்காது என்று அவளே அதற்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டாள். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள்.

தலையில் குல்லாயோடு ஜக்கரியா வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அக்கா எங்கீங்க என்று தேடினான். சாந்தாமணி துரை வண்டியின் கதவைத் திறந்து, சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, படி இல்லாத உயரத்தில் காலைத் தூக்கி வைத்து ஏறிக்கொண்டிருந்தாள். வீலே மாட்டலீங்களேக்கா என்றான் அவன். தெரியுதப்பா, இந்த ஸ்டாண்டு தாங்குமா தாங்காதா அதைச் சொல்லு என்றாள். நாலு யானையைத் தாங்கும் என்றான். அவள் சிவப்பு சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். புதுத் தோல் வாசனை அடித்தது. உயரத்திலிருந்து பார்த்தால் பட்டறை முழுக்கத் தெரிந்தது, அதற்கு அப்பால் ரோடு, ரோட்டில் சைக்கிளில் போகிறவர்கள், எதிர் டீக்கடை, இந்த வண்டிக்குள்ளிருந்து பார்க்க எல்லாம் புதிதாக இருந்தது.

“கம்பி வீலே இருக்கட்டும்,” என்றாள். “அதுதான் அழகா இருக்குது.”

ஜக்கரியா கையைத் துடைத்துக்கொண்டு வீலை எடுக்கப் போனான். தேவராஜ் நின்ற இடத்திலேயே நின்றார். ஏனுங்க அங்கேயே நிக்கறீங்க, இந்தப் பக்கம் வந்து ஏறுங்க என்று ஓட்டுகிற சீட்டைத் தட்டிக் காட்டினாள். அவர் சுற்றி வந்து, கதவைப் பிடித்து, முழங்காலைத் தேய்த்துவிட்டு ஒருவழியாக மேலே ஏறினார். ஸ்டாண்டின் மேல் வண்டி லேசாக ஆடியது. சாந்தாமணி எதையும் பிடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள்.